முறை வரும்வரை: பல நாய்களோடு ஓடுபவரின் அறம்

அன்பு பலரிடம் செல்லும்போது குறைந்துபோகிறதா என்பது சமயச் சிந்தனையின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. எல்லா உயிர்களிடத்தும் கடவுள் கருணை உடையவர் என்று சொல்லும் எந்தச் சமயமும், அந்தக் கருணை ஒவ்வோர் உயிருக்கும் முழுமையாகக் கிடைக்கிறதா, அல்லது எல்லாருக்கும் பொதுவாக இருந்து யாருக்கும் தனியாகக் கிடைக்காமல் போகிறதா என்ற கேள்வியைத் தாண்டிச் செல்ல முடிந்ததில்லை. புனித அகஸ்தீன் தம் வாழ்க்கையையே இறைவனை நோக்கிய முறையீடாக எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில், கடவுள் ஒவ்வொருவரையும் அவர் ஒருவரே இருப்பதைப் போலவும், எல்லாரையும் ஒருவரைப் போலவும் பேணுகிறார் என்று இதற்கு விடை கண்டார். பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தம் அதே சிக்கலை ராச நடனத்தில் வேறு வழியாகத் தீர்க்கிறது: வட்டமாக நிற்கும் கோபியரில் இருவர் இருவருக்கு நடுவே கண்ணன் தன்னைப் பெருக்கிக்கொண்டு நிற்க, ஒவ்வொருத்தியும் அவன் தன்னருகே மட்டுமே இருப்பதாக எண்ணுகிறாள். முதல் விடையில் அளவற்ற அறிவும் இரண்டாம் விடையில் அளவற்ற உடலும் சிக்கலை அவிழ்க்கின்றன. ஓர் உடலும், ஒரு நேரத்தில் ஒரு திசையையே பார்க்கும் கண்களும், எண்ணி முடிந்துவிடும் பொழுதும் மட்டுமே உடைய மனிதருக்கு இவ்விரு வழிகளும் அடைபட்டவை.

மனிதருக்கு எஞ்சும் வழி எது என்பதை ஆராய்பவர்கள் வழக்கமாகப் பல பிள்ளைகளைப் பெற்ற தாயையோ, வகுப்பறை நிறைய மாணவர்களை வைத்திருக்கும் ஆசிரியரையோ எடுத்துக்காட்டாகக் கொள்வர். அவை நல்ல எடுத்துக்காட்டுகளே. ஆனால் ஒரு பிள்ளையின்பால் கவனம் தவறியதன் விளைவு அங்கே இருபது ஆண்டுகள் கழித்து வெளிப்படலாம், வெளிப்படாமலும் போகலாம், வெளிப்பட்டாலும் அதற்கு வேறு காரணம் சொல்ல யாராவது இருப்பார்கள். கவனம் தவறியது அரை நொடியில் எல்லார் கண்முன்னும் தெரிந்துவிடும் ஒரு களத்தை எடுத்துக்கொண்டால் இந்த வினாவைக் கூர்மையாக அணுக இயலும். அமெரிக்காவில் வார இறுதி நாள்களில் நடைபெறும் நாய்களுக்கான அஜிலிட்டிப் போட்டி அத்தகைய ஒரு களம். ஒரே ஆள் இரண்டு மூன்று நாய்களோடு அங்கே போட்டியிடுவது சாதாரணம். மெய்யியலுக்குப் பொருந்தாத அற்ப விஷயமாக இது தோன்றக்கூடும் என்றாலும், விலங்குகளோடு சேர்ந்து செய்யும் செயலைப் பொருட்படுத்தாத மெய்யியல் தன் பாதிச் சான்றுகளைத் தானே வெளியே விட்டுவிடுகிறது.

அஜிலிட்டி என்பது, நடுவர் வகுத்த வரிசைப்படி தடைகள் பலவற்றை நாய் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க, அதனோடு ஒரு மனிதர் உடன் ஓடி வழிகாட்டும் விளையாட்டு. லண்டன் ஒலிம்பியா அரங்கில் 1978-இல் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், இரு நிகழ்ச்சிகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் பார்வையாளர்கள் சலித்துவிடாதிருக்க ஏதேனும் செய்ய வேண்டும் என்று ஏற்பாட்டுக் குழுவைச் சேர்ந்த ஜான் வார்லி எண்ணியதிலிருந்தும், பயிற்சியாளர் பீட்டர் மீன்வெல் குதிரைகளின் தடைதாண்டும் போட்டியைப் பார்த்து அதற்கு வடிவம் கொடுத்ததிலிருந்தும் இது பிறந்தது. இரண்டே ஆண்டுகளில் பிரித்தானியக் கென்னல் கிளப் இதற்கு அங்கீகாரம் அளித்தது. அமெரிக்காவில் இதற்கென 1986-இல் தனிச் சங்கம் தோன்றியது. நாய் இனங்களைப் பதிவுசெய்யும் பழைய அமைப்பான அமெரிக்கன் கென்னல் கிளப் 1994-இல் இதைத் தன் போட்டிகளுள் சேர்த்துக்கொண்டது. இடைவேளையை நிரப்ப வந்த ஒன்று இப்படித் தனக்கென விதிநூலும் பட்டங்களும் கொண்ட உலகமாக வளர்ந்துவிட்டது.

நாயோடு உடன் ஓடுபவரைக் கையாளுநர் என்று அழைக்கலாம். உயர்நிலைப் பிரிவுகளில் ஏறத்தாழ இருபது தடைகள் இருக்கும்: தாண்டுவதற்கான குறுக்குக் கம்பிகள், துணியாலான வளைகுழாய்ச் சுரங்கங்கள், ஏறி இறங்குவதற்கான கூரைவடிவச் சரிவு, ஓரடி அகலமும் நான்கடி உயரமும் கொண்ட நடைபாலம், சீசா எனப்படும் ஏற்றப்பலகை, பாம்புபோல் நெளிந்து நெளிந்து கடக்க வேண்டிய பன்னிரண்டு கம்பங்களின் வரிசை. நெளிவுக் கம்பங்களுக்குள் நுழையும்போது முதல் கம்பம் நாயின் இடத்தோளுக்கு அருகே இருந்தாக வேண்டும். சரிவு, பாலம், சீசா ஆகிய மூன்றின் கீழ்ப்பகுதியில் மஞ்சள் வண்ணம் பூசப்பட்டிருக்கும். நாய் உயரத்திலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொள்ளாதிருக்க, இறங்கும்போது அந்த மஞ்சள் பகுதியில் ஒரு பாதமாவது பட்டாக வேண்டும் என்பது விதி. தின்பண்டத்தையோ பொம்மையையோ களத்துக்குள் காட்டி ஆசைகாட்டக் கூடாது. வேண்டுமென்றே நாயைத் தொடுவதும் குற்றம். ஆகவே கையாளுநரிடம் எஞ்சுவது குரலும், தோளும், கால் வைக்கும் திசையும் மட்டுமே.

இந்த மூன்றைக் கொண்டு ஒரு விலங்கை நொடிக்கு ஐந்தாறு மீட்டர் வேகத்தில் வழிநடத்த முடிகிறது என்பதிலேயே வியப்பு இருக்கிறது. மனிதரின் கைக்குறிப்பைப் புரிந்துகொள்வதில் சிம்பன்சிகளை நாய்கள் விஞ்சுகின்றன என்று பிரையன் ஹேரும் அவர் குழுவினரும் 2002-இல் காட்டினர். அஜிலிட்டிக் களத்தில் அந்தத் திறன் இன்னும் நுணுகிப்போய், கையாளுநர் தாமே அறியாத சாய்வைக்கூட நாய் படித்துவிடுகிறது. அடுத்தடுத்து இரண்டு சுரங்க வாய்கள் இருக்குமிடத்தில் இடத்தோள் சற்றே முன்னால் வந்தால் நாய் இடவாய்க்குள் புகுந்துவிடும். வாய் எவ்வளவு உரக்க வலப்பக்கத்தைச் சொன்னாலும் பயனில்லை. நாய் கம்பிக்கு மேல் காற்றில் இருக்கும் கணத்தில் கையாளுநர் அதன் பாதைக்குக் குறுக்கே நகர்ந்தால், அது உடலைத் திருப்ப முயன்று பின்னங்காலால் கம்பியைத் தட்டிவிடும். மாஸ்டர்ஸ் எனப்படும் உச்சப் பிரிவில் ஒரே ஒரு கம்பி விழுந்தாலும் அந்த ஓட்டம் தகுதிக்கணக்கில் சேராது.

இத்தகைய ஓட்டத்துக்கு வேண்டிய கவனம் எத்தன்மையது என்பதை விளக்க, பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய் பொருத்தமானவர். பள்ளிப் பாடங்களுக்கும் இறையன்புக்கும் உள்ள தொடர்பு பற்றி 1942-இல் எழுதிய கட்டுரையில் அவர், கவனிக்கச் சொன்னால் மாணவர்கள் புருவத்தை நெரித்து மூச்சைப் பிடித்துக்கொள்வதையும், சற்றுக் கழித்து எதைக் கவனித்தீர்கள் என்று கேட்டால் அவர்களால் விடை சொல்ல முடியாமற்போவதையும் சுட்டுகிறார். தசைகளை இறுக்குவது கவனம் ஆகாது. எண்ணத்தை நிறுத்தி, மனத்தை வெறுமையாக்கி, எதிரே உள்ளது தன்னுள் வந்து நுழைவதற்கு இடம்விட்டு நிற்பதே கவனம் என்பது அவர் கருத்து. அத்தகைய கவனத்தின் முழுநிலையைத்தான் அவர் வழிபாடு என்றார். களத்தில் தசையை இறுக்கிக்கொண்டு ஓடும் கையாளுநரின் நாய் தயங்குவதையும், இறுக்கம் தளர்ந்தவரின் நாய் பாய்வதையும் பயிற்சியாளர்கள் அன்றாடம் காண்கின்றனர். அதற்கு அவர்கள் வழிபாடு என்ற பெயரைத் தருவதில்லை, அவ்வளவுதான்.

ஜெர்மன் மொழியில் எழுதிய யூத மெய்யியலாளர் மார்ட்டின் பூபர் இதற்கு இன்னொரு கோணத்தைத் தருகிறார். 1923-இல் வெளியான அவருடைய புகழ்பெற்ற நூல், மனிதர் உலகத்தோடு கொள்ளும் உறவை இரண்டாகப் பகுக்கிறது: எதிரே இருப்பதைப் பயன்படுத்தவும் அளக்கவும் உரிய பொருளாகக் கொள்ளும் ‘நான்–அது’ உறவு ஒன்று; எதிரே இருப்பதை முழுமையாக எதிர்கொள்ளும் ‘நான்–நீ’ உறவு மற்றொன்று. இரண்டாவது உறவு நீடிக்கும் கணத்தில் வேறெதற்கும் அதில் இடமில்லை. ‘நீ’ என்று அழைக்கப்படுவது அப்போது வானத்தையே நிறைத்து நிற்கிறது. இந்த உறவு விலங்குகளோடும் வாய்க்கும் என்பதில் பூபருக்கு ஐயமில்லை. பதினொரு வயதில் தாத்தாவின் பண்ணையில் ஒரு சாம்பல் நிறக் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தபோது, தான் அல்லாத ஓர் உயிர் தன் உள்ளங்கையின் கீழ்த் துடிப்பதை உணர்ந்ததாகவும், ஒருநாள் அந்தத் தடவலில் எவ்வளவு இன்பம் என்று எண்ணித் தன் கையையே கவனித்ததாகவும், அக்கணமே ஏதோ மாறிவிட்டதாகவும், மறுநாள் குதிரை தலையை உயர்த்தவில்லை என்றும் அவர் எழுதியுள்ளார். அன்பு குதிரையிடமிருந்து விலகி, அன்பு செய்யும் தன்னிடமே திரும்பிக்கொண்டது என்பதே அந்த நிகழ்வின் சாரம்.

ஒரே நாயோடு ஓடுபவர் விஷயத்தில் பூபரின் கருத்தை ஏற்பதில் இடர்ப்பாடு ஏதுமில்லை. நாற்பது விநாடிகளுக்கு அந்த நாயே உலகம். மூன்று நாய்களோடு வருபவரிடம் வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒவ்வொரு நாயும் வானத்தை நிறைக்க வேண்டும். ஆனால் வானங்கள் மூன்று. ஓட்டங்களுக்கு முன்பு, நாய்கள் இல்லாமல் கையாளுநர்கள் மட்டும் களத்தில் நடந்து தடைவரிசையை மனப்பாடம் செய்துகொள்ளச் சில நிமிடங்கள் ஒதுக்கப்படும். அந்த நேரத்தில் களத்தைப் பார்க்கும் புதியவருக்கு, இல்லாத நாயை நோக்கிக் கை நீட்டியபடி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வளைந்து வளைந்து நடக்கும் ஒரு கூட்டம் விசித்திரமாகத் தெரியும். மூன்று நாய்களோடு வந்தவர் அந்தச் சில நிமிடங்களில் ஒரே பாதையை மூன்று விதமாக நடந்தாக வேண்டும். அவை பார்டர் கோலி, ஷெல்ட்டி, பாப்பிலோன் ஆகிய இனங்களைச் சேர்ந்தவை என்று கொள்ளலாம். பார்டர் கோலி தன்னை முந்திப் பறந்துவிடும் என்பதால் அதற்குப் பின்புறமாகக் குறுக்கே கடந்து பக்கம் மாறும் ‘ரியர் கிராஸ்’ என்ற உத்தி. அதே உத்தியைத் தயங்கித் திரும்பிப் பார்க்கும் ஷெல்ட்டியிடம் செய்தால் அது நின்றே விடும் என்பதால், அதற்கு முன்னே ஓடிச் சென்று முகம் காட்டித் திரும்பும் ‘ஃபிரன்ட் கிராஸ்’. சிறிய காலடி வைக்கும் பாப்பிலோனுக்கு இரண்டு தடைகளுக்கிடையே கூடுதல் நேரம் இருப்பதால் அவசரப்படாமல் காத்து நிற்றல். காற்றில் நீட்டிய அந்தக் கையின் கீழே அடுத்தடுத்து மூன்று வெவ்வேறு நாய்கள் ஓடுகின்றன.

எல்லாரையும் சமமாக நடத்துவதே நீதி என்ற பொதுக்கருத்து இங்கே முதல் அடியிலேயே உடைந்துபோகிறது. சமமானவர்களைச் சமமாகவும் சமமல்லாதவர்களை அவரவர் வேறுபாட்டுக்கேற்பவும் நடத்துவதே நீதி என்று அரிஸ்டாட்டில் சொன்னதை விதிநூல் அங்குலக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. அமெரிக்கன் கென்னல் கிளப்பின் வழக்கமான பிரிவுகளில் தோளுயரம் 11 அங்குலம் வரையுள்ள நாய் 8 அங்குலக் கம்பியையும், 14 வரை உள்ளது 12-ஐயும், 18 வரை 16-ஐயும், 22 வரை 20-ஐயும், அதற்கும் மேற்பட்டது 24-ஐயும் தாண்டுகின்றன. முதுமையடைந்த நாய்களையும் மூட்டு வலுவற்றவற்றையும் நாலங்குலம் தாழ்ந்த கம்பிகள் கொண்ட தனிப்பிரிவில் சேர்க்கலாம். கம்பியைத் தாழ்த்துவது சலுகை என்று யாரும் முணுமுணுப்பதில்லை.

சமநோக்கு பற்றிய இந்திய விவாதமும் இந்த இடத்தைத் தொட்டிருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது. பகவத்கீதையின் ஐந்தாம் அத்தியாயத்தில், ஞானி யாரை யாரையெல்லாம் சமமாகக் காண்பான் என்று சொல்லும் பட்டியலில் கற்றறிந்த அந்தணனோடு பசுவும் யானையும் மட்டுமின்றி நாயும் இடம்பெறுகிறது. சமமானவர்க்கு ஏற்றத்தாழ்வாகவும், சமமற்றவர்க்குச் சமமாகவும் மரியாதை செய்வது குற்றம் என்று கௌதம தர்மசூத்திரம் சொல்கிறதே, அப்படியானால் இந்தச் சமநோக்கு குற்றமாகாதா என்ற மறுப்பை அங்கே ஆதிசங்கரர் தம் உரையில் தாமே எழுப்பிக்கொள்கிறார். உடலோடு தம்மை ஒன்றாக எண்ணுவோர்க்கே அந்த விதி என்பதும், எல்லாவற்றிலும் ஒன்றையே காண்பவனை அது தீண்டாது என்பதும் அவருடைய விடை. அத்வைத நிலையில் அந்த விடை முழுமையானதாக இருக்கலாம். களத்தில் நிற்பவருக்கோ அது பாதி விடைதான்; ஏனெனில் மூன்று நாய்களிலும் ஒன்றையே காண்பவர், ஷெல்ட்டியைப் பார்டர் கோலிபோல் ஓட்டி அதைக் குழப்பிவிடுவார். பார்வையில் சமம், கைப்பழக்கத்தில் வேறுபாடு என்று இரண்டையும் சேர்த்தே கற்க வேண்டியிருக்கிறது.

இனி, அன்பின் பங்கீடு பற்றிய சிக்கல் உண்மையில் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓடும் நாற்பது விநாடிகளில் அது இல்லை. ஒரு நாயிடம் முழுமையாக இருந்ததனால் அடுத்த நாயிடம் முழுமையாக இருக்கும் ஆற்றல் தீர்ந்துவிடுவதில்லை. அந்த வகையில் அன்பு பகிரப் பகிரக் குறையும் பொருள் அன்று என்ற சமயவாதிகளின் கூற்று சரியே. நேரம் அப்படிப்பட்டது அன்று. ஒரு நாய் நாளைக்கு இரண்டு பிரிவுகள் வீதம் இரண்டு நாள்களில் நான்கு ஓட்டங்கள் ஓடுவதாகவும், ஒவ்வோர் ஓட்டமும் ஒரு நிமிடத்துக்குள் முடிவதாகவும் கொண்டால், வார இறுதி முழுவதிலும் அந்த நாய் களத்தில் இருப்பது நான்கு நிமிடங்களுக்கும் குறைவு. மூன்று நாய்களுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடங்கள்கூட ஆவதில்லை. விடியற்காலையில் கூடாரம் அடித்துக் கூண்டுகளை இறக்கியதிலிருந்து மாலையில் வண்டியில் ஏற்றும்வரை மற்ற பொழுதெல்லாம் காத்திருப்புதான். அந்தக் காத்திருப்பில் கையாளுநர் ஒரு நாயைச் சூடேற்ற நடத்திச் செல்லும்போதும், இன்னொன்றுக்குத் தண்ணீர் காட்டி இளைப்பாற வைக்கும்போதும், மூன்றாவது கூண்டுக்குள் இருக்கிறது. அன்பு பங்குபோடப்படாமல் இருக்கலாம். அது வந்து சேரும் நேரம் பங்குபோடப்பட்டே தீரும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இந்தப் பொருத்தமின்மையிலிருந்துதான் நீதி என்ற ஒன்று தேவைப்படுகிறது. கடவுளுக்கு நீதியும் அன்பும் ஒன்றாக இருக்க முடிவதும், மனிதருக்கு அவை அடிக்கடி முட்டிக்கொள்வதும் இதனாலேயே எனலாம்.

கூண்டுக்குள் இருக்கும் நாய்க்கு இது தெரியுமா என்ற கேள்விக்கு ஓரளவு விடை உண்டு. வியன்னாவில் ஃபிரீடரிக் ராங்கே குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்டபோது முன்னங்காலை நீட்டக் கற்ற நாய்கள் இரண்டிரண்டாக உட்கார வைக்கப்பட்டன. பக்கத்து நாய்க்கு மட்டும் உணவு கொடுத்துத் தனக்குக் கொடுக்காதபோது நாய் காலை நீட்டத் தயங்கி, விரைவில் நிறுத்தியும்விட்டது. தனியாக இருக்கும்போது உணவு கிடைக்காவிட்டால் அவ்வளவு விரைவாக நிறுத்தவில்லை. ஆனால் பக்கத்து நாய்க்கு இறைச்சித் துண்டும் தனக்கு வெறும் ரொட்டியும் கிடைத்தபோது அது பொருட்படுத்தவில்லை. ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைப்பதைத் தமிழர் ஓரவஞ்சனை என்பர். நாய்களின் நீதிமன்றத்தில் வெண்ணெய்க்கும் மோருக்கும் உள்ள வேறுபாடு வழக்காவதில்லை, ஒரு கண் அடியோடு மறக்கப்படுவதே வழக்காகிறது. பல நாய்களை வைத்திருப்போருக்கு இந்த முடிவு ஆறுதலையும் எச்சரிக்கையையும் ஒருங்கே தருகிறது: ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் எதற்கும் ஒன்றுமே கிடைக்காத நாள் இருக்கக் கூடாது. அனுபவம் மிக்க கையாளுநர்கள் ஓடி முடித்த நாய்க்குக் களத்துக்கு வெளியே பரிசளித்துக் கூண்டில் விடும்போதே, இன்னும் ஓடாத நாயின் கூண்டுக் கம்பியினூடே விரலை நுழைத்து ஒரு சொல் சொல்லிவிட்டுப் போவதில் இந்த அறிவு இருக்கிறது.

இவை அனைத்தையும் ஐயுறும் ஒரு வலுவான மறுப்பைத் தள்ளிவிட்டுச் செல்ல இயலாது. இந்தப் போட்டிகளில் நாய்களின் பெயரால் நடப்பது மனிதரின் வேட்கையே அன்றி அன்பு அன்று என்பதே அம்மறுப்பு. அமெரிக்கன் கென்னல் கிளப்பின் மாஸ்டர் அஜிலிட்டி சாம்பியன் பட்டத்துக்கு ஒரே நாளில் இரு பிரிவுகளிலும் பிழையின்றி ஓடிய நாள்கள் இருபதும், வேகத்துக்கான 750 புள்ளிகளும் வேண்டும். அதை எட்ட ஆண்டுகள் ஆகும். அதற்குள் முதல் நாய் மூப்படையத் தொடங்கும். எனவே அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த நாய் வீட்டுக்கு வந்துவிடும். பல நாய்களை வைத்திருப்போருள் கணிசமானோர் இந்த வழியாகத்தான் பல நாய்களுக்கு உரியவர் ஆகின்றனர் என்பதை மறைப்பதில் பொருளில்லை. விலங்குகள் தம்மளவில் குறிக்கோள்கள் ஆகமாட்டா என்று கருதிய இம்மானுவேல் கான்ட்கூட, நெடுநாள் உழைத்து ஓய்ந்த நாயைச் சுட்டுக் கொல்பவன் தன் மனிதத்தன்மையையே காயப்படுத்திக்கொள்கிறான் என்று தம் அறவியல் விரிவுரைகளில் சொன்னார். அஜிலிட்டி உலகில் யாரும் நாயைச் சுடுவதில்லை என்றாலும், இளைய நாயின் புள்ளிகளில் மூழ்கி முதிய நாயை நினைக்காமல் வாழ முடியும்.

கனடாவில் வாழ்ந்த மெய்யியலாளர் பெர்னார்ட் சூட்ஸ் 1978-இல் எழுதிய நூலில் விளையாட்டை, தேவையற்ற தடைகளை விரும்பி ஏற்றுக் கடக்க முயலுதல் என்று வரையறுத்தார். விதிகளை, அவை விளையாட்டைச் சாத்தியமாக்குகின்றன என்பதற்காகவே ஏற்கும் மனநிலை அதற்கு இன்றியமையாதது. தடைகளைப் பொருத்தவரை அஜிலிட்டி அந்த வரையறைக்காகவே செய்யப்பட்டது போலிருக்கிறது. ஆனால் விதியை ஏற்கும் மனநிலை நாயிடம் இல்லை. மஞ்சள் பகுதியில் பாதம் பட வேண்டும் என்பதை அது பழக்கமாக அறியுமேயன்றி விதியாக அறியாது. விழுந்த கம்பி தகுதியைப் பறித்துவிட்டது என்பதும் அதற்குத் தெரியாது. ஆகவே வெற்றியும் தோல்வியும் முழுவதும் மனிதருடையவை. நாய்க்கு உரியது ஓட்டம் மட்டுமே. அமெரிக்கச் சிந்தனையாளர் டோனா ஹராவே தம் நாய் கயீனோடு அஜிலிட்டியில் போட்டியிட்ட அனுபவத்திலிருந்து 2003-இலும் 2008-இலும் எழுதிய நூல்களில், இந்த விளையாட்டில் இரு இனங்களும் ஒன்றையொன்று உருவாக்குகின்றன என்று வாதிட்டார். அவர் கூற்றில் உண்மை உண்டு என்றாலும், புள்ளிக்கணக்கின் சுமை ஒரு பக்கமே சாய்ந்திருக்கிறது என்பதை அவர் போதிய அளவு அழுத்திச் சொல்லவில்லை என்று கருத இடமிருக்கிறது.

அந்தச் சுமை ஒரு பக்கம் சாய்ந்திருப்பதிலிருந்தே பல நாய்களோடு ஓடுபவருக்கு உரிய தனிக் கடமை பிறக்கிறது. பட்டத்துக்கு இன்னும் ஒரே ஒரு நாள் பாக்கியிருக்கும் முதல் நாய், கடைசித் தடையில் கம்பியைத் தட்டிவிட்டதாகக் கொள்ளலாம். அது நாக்கைத் தொங்கவிட்டு மகிழ்ச்சியோடு வெளியே வருகிறது. பத்து நிமிடத்தில் இரண்டாவது நாய் களத்தில் நிற்க வேண்டும். அந்த நாய் கையாளுநரின் தோளைப் படிக்கும்போது முதல் நாயின் கம்பியையும் சேர்த்தே படித்துவிடும். இறுகிய தோளைக் கண்டு தயங்கித் தொடக்கக் கோட்டில் தரையை மோப்பம் பிடிக்கும். தான் செய்யாத பிழைக்கு அது இவ்வாறு விலை கொடுக்கிறது. பலனில் பற்று நீங்கிச் செயலாற்று என்ற கீதையின் போதனை பெரும்பாலும் செய்பவரின் சொந்த விடுதலைக்கான வழியாகவே விளக்கப்பட்டு வருகிறது. களத்தில் அதற்கு வேறொரு பொருள் கிடைக்கிறது: பலனைக் கீழே வைத்துவிடுவது, அடுத்து முறைக்காகக் காத்திருக்கும் உயிருக்குச் செலுத்த வேண்டிய கடன். பற்றின்மை தனிமனிதரின் அமைதிக்காக என்று மட்டும் சொல்லும் உரைகள், காத்திருப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதை மறந்து எழுதப்பட்டவை.

நாய்க்காகத் தியாகம் செய்தவர்களுள் இந்திய மரபில் முதலில் நினைக்கப்படுபவர் தருமர். மகாபாரதத்தின் மகாப்பிரஸ்தானிக பருவத்தில், தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுத் தேரேற மறுக்கும் அவரிடம், மனைவியையும் தம்பியரையும் விட்டுவிட்டு வந்தவர் ஒரு நாயை விட மாட்டாரா என்று இந்திரன் கேட்கிறான். இறந்துபோனவர்களை உயிர்ப்பிக்கத் தன்னால் இயலாததனால் விட்டு வந்ததாகவும், உயிரோடிருக்கும்போது அவர்களைத் தான் கைவிடவில்லை என்றும் தருமர் விடையளிக்கிறார். அந்த விடையின் நுட்பம் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை: கைவிடுதல் என்ற குற்றம் உயிரோடு காத்திருப்பவர் விஷயத்தில்தான் எழுகிறது. ஆனால் தருமருக்கு வாய்த்த சோதனை ஒரு வகையில் எளிதானது. மற்றவர்கள் அனைவரும் விழுந்துவிட்ட பிறகு, ஒரே ஒரு நாய்தான் அவரோடு எஞ்சியிருந்தது. இரண்டு நாய்கள் தொடர்ந்து வந்திருந்து, அவற்றுள் ஒன்று நடக்க மாட்டாமல் பின்தங்கியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்பதை இதிகாசம் கேட்கவில்லை. பன்னிரண்டு வயதான ஷெல்ட்டியையும் இரண்டு வயதான பார்டர் கோலியையும் ஒரே வண்டியில் ஏற்றி வருபவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கேள்வியின் முன் நிற்கிறார். முதிய நாயைத் தாழ்ந்த கம்பிப் பிரிவில் ஓரிரு ஓட்டங்களுக்கு மட்டும் சேர்ப்பவர் உண்டு. ஓட்டத்தை நிறுத்திவிட்டு, காலையில் மைதானத்தைச் சுற்றி ஒரு நடை அழைத்துச் செல்வதோடு விடுபவர் உண்டு. வீட்டிலேயே விட்டுவிட்டு வருபவரும் உண்டு. முதல் இரண்டுக்கும் மூன்றாவதற்கும் உள்ள தொலைவு, முதல் இரண்டுக்குள் இருக்கும் தொலைவைவிட மிகப் பெரியது.

எத்தனை நாய்கள் வரை ஒருவர் நேர்மையாகக் கொண்டுவரலாம் என்பதை எண்ணாகச் சொல்லிவிட முடியாது. சிலருக்கு இரண்டே அதிகம். நான்கை இயல்பாகத் தாங்குபவரும் உளர். எண்ணைவிட முக்கியமானது, தனியொருவரால் இது நடப்பதே இல்லை என்பது. இரண்டு களங்கள் ஒரே நேரத்தில் இயங்கும் போட்டியில், ஒரு களத்தில் ஷெல்ட்டியின் முறையும் மறு களத்தில் பார்டர் கோலியின் முறையும் ஒருசேர வந்துவிடுவது வழக்கமான தொல்லை. அப்போது கையாளுநர் களவாயிலில் ஓட்டவரிசைப் பலகையோடு நிற்கும் கேட் ஸ்டூவர்ட் என்ற தன்னார்வலரிடம் முன்கூட்டியே தெரிவித்தால், அவர் அந்த நாயின் முறையைச் சற்று முன்னேயோ பின்னேயோ நகர்த்திக் கொடுப்பார். நகர்த்தப்பட்ட இடத்தில் இருந்தவர் ஓரிரு நாய்கள் தள்ளிப் போக ஒப்புக்கொள்வார். ஒரு நாயை ஓட்டிவிட்டு வெளியே வருபவரின் கையிலிருந்து கழுத்துவாரை வாங்கிக்கொண்டு, அடுத்த நாயின் வாரைக் கொடுக்க வாயிலருகே ஒரு நண்பர் நிற்பார். உயரப் பிரிவு மாறும்போது கம்பிகளை உயர்த்துபவர்களும் விழுந்த கம்பியை எடுத்து வைப்பவர்களும் பெரும்பாலும் பிற கையாளுநர்களே. அவர்களுடைய நாய்கள் அந்த நேரத்தில் தங்கள் கூண்டுகளில் காத்திருக்கும்.